புதுவயல் பஸ் ஏன் நிற்கவில்லை?

பழம்பொருள் கடையில் சைக்ளோஸ்டைல் மெஷினின் மை வாசம் மூக்கில் பட்டதும், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் காரைக்குடிப் பள்ளியின் மாடிப்படி அறையும், ஒன்பதாம் வகுப்பில் உருளையைச் சுழற்றிச் சுழற்றிக் கையெல்லாம் கறுப்பாக நாங்கள் அச்சடித்த மாணவர் பத்திரிகையும் நினைவுக்கு வந்தன.

புதுவயல் பஸ் எங்களை ஏற்றாமல் போவதைத் திட்டி அதற்காகத் தோழி செல்வி எழுதியிருந்தாள். அதைப் படித்த ஆரோக்கியமேரி டீச்சர், "டிரைவர்கிட்டக் கேட்டியா?" என்றார்.

செல்வி பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கேட்டாள்.

"வளைவுல நிக்கிறீக. நிப்பாட்டுனா பின்னால வர்ற நெல் லாரி இடிச்சிரும். கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க," என்றார் டிரைவர்.

அதையே எழுதினாள். பத்திரிகை வந்த மறுநாள் எல்லோரும் தள்ளி நின்றோம். பஸ் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே கை நீட்டினார்.

"என்னையப் பத்தி எழுதுனீகளாமே, குடுங்க பாப்போம்."