துக்க வீட்டில் கிறிஸ்மஸ் பாட்டு

இலங்கையில் மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை பறிபோன மறு வருடம் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அன்றாடக் கூலிக்கு இருந்தேன். மனைவி பிரசவத்தில் இறந்த பிறகு நான் எந்தத் தோட்டத்திலும் நிலைக்கவில்லை. கிறிஸ்தவனாய்ப் பிறந்தும் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. மத்தளம் அடிக்கத் தெரியும் என்பதால் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் என்னைக் கிறிஸ்மஸ் பாட்டுக்குக் கூப்பிட்டார். வீட்டுக்கு வீடு தேத்தண்ணியும் பலகாரமும் கிடைக்குமென்றுதான் போனேன்.

மாலையில் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் பாடி வந்தோம். ஒரு கதவு மட்டும் சாத்தியிருந்தது. கொழுந்தெடுக்கும் அன்னம்மாவின் வீடு. அவள் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“துக்க வீடுங்க, பேசாம தாண்டிருவோம்” என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் பாட்டை நிறுத்திவிட்டு நடந்தோம்.

பின்னால் கதவு திறந்தது. “ஏங்க, லயத்துக்கே பொறந்தவரு எங்க வீட்டுக்கு மட்டும் பொறக்கலையா?” என்றாள் அன்னம்மா.

உபதேசியார் தடுமாறினார். “இல்ல தாயி, நீ அழுவியேன்னுதான்...”

“அழுவேன்தான். நீங்க பாடுங்க.”

பாடினோம். அவள் அழுதுகொண்டே கூடப் பாடினாள். எனக்குத் தாளம் தப்பியது. “அண்ணே, ஒழுங்கா அடிங்க” என்று அதட்டினாள்.

துக்கம் புகுந்த வீட்டில் கடவுளுக்கு இடமில்லை என்று அதுவரை நானே முடிவு கட்டியிருந்தேன். மறுநாள் கோயிலுக்குப் போனேன். வழிபாட்டின் நடுவில் அழுகை வந்தது. எழுந்து வெளியே போகவில்லை.