ஹில்மா பிடித்த முனை

மே மாதம் பாதி போய்விட்டது. சுப்பீரியர் ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரை ஒதுங்கியாயிற்று. டிசம்பரில் செத்த என் அக்கா ஹில்மா மட்டும் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. குளிர்காலத்தில் எங்கள் ஊர் மண் பாறையாகிவிடும், குழி வெட்ட முடியாது. பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துப் பூட்டறையில் வைத்துவிட்டு வசந்தத்தில் புதைப்போம். குளிர்காலத்தில் செத்த மற்ற எல்லோரையும் புதைத்தாயிற்று. அவள் பெட்டி மட்டும் தன்னந்தனியாகக் கிடக்கிறது. கேட்டால், அவள் புருஷன், என் அத்தான் ரெய்னோ "அப்புறம் பாக்கலாம்" என்கிறார். சண்டை போடத்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

ரெய்னோ முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஒரு பிள்ளையை அதட்டியதில்லை. ஓய்வு பெற்றபின் கார் ஷெட்டில் சின்னதாய் ஓர் இழைப்பு மிஷினை மேஜைமேல் வைத்துக்கொண்டு, ஊரார் வியர்க்க உட்காரும் சவுனா அறைகளுக்குத் தேவதாரு பெஞ்சு செய்தார். வெற்றுடம்போடு உட்காரும் பலகை. துளி பள்ளம் இருந்தாலும் தொடை சொல்லிவிடும்.

அந்த மிஷினுக்கு ஒரு கெட்ட புத்தி. பலகை நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே ஓர் உருளைதான் அதைப் பிடித்திருக்கும். வெளியே நீண்ட பக்கம் தொங்கினால், உள்ளே இருக்கும் முனை எழும்பி, மேலே சுழலும் கத்தியில் படும். நாலு விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். அதனால் நுழையும்போது இவர் தன் பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடிப்பார். வெளியே வரும்போது எதிரே நின்று அக்கா தூக்கிப் பிடிப்பாள். வருஷக்கணக்காய் அப்படித்தான்.

ஷெட்டில் நுழைந்ததுமே ஆரம்பித்தேன். "என்ன அத்தான், எங்கக்காவ அங்கயே போட்டு வைக்கப் போறீங்களா? மனசாட்சி இருக்கா இல்லியா?"

"கத்தாத ஐனோ. இதத் தடவிப் பாரு."

பலகையின் வால் முனையைத் தடவினேன். வழவழவென்றிருந்தது.

"ஜனவரிலேருந்து தனியாத்தான் இழைக்கறேன். ஒண்ணுலகூடப் பள்ளம் விழல. அந்தப் பக்கம் அவதான் தூக்கிப் பிடிக்கறா. புதைச்சிட்டா வருவாளா? நீயே சொல்லு."

எனக்குப் பயமாகிவிட்டது. அதை மறைக்க இன்னும் கத்தினேன். "கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு?"

எங்கள் ஊரில் சண்டைக்கு வந்தவளையும் காப்பி கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். அவர் காப்பி எடுக்க உள்ளே போனார். நான் குனிந்து, பலகை வெளிவரும் தட்டின் அடியில் பார்த்தேன். வெளி ஓரத்தில், இரண்டு காப்பி டப்பா அட்டைகள் மூன்றாக மடித்துச் செருகியிருந்தன. அக்கா மடிப்பு, மருந்துச் சீட்டையும் அப்படித்தான் மடிப்பாள். கடைசி வருஷம் அவளுக்குக் கை நடுங்கும், என்னிடம் மட்டும்தான் சொன்னாள். தூக்க முடியாமல், இவருக்குத் தெரியாமல் தட்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். அடிப்பாவி! பேயுமில்லை பிசாசுமில்லை. அட்டைகளை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். தட்டின் ஓரம் தாழ்ந்தது.

காப்பியோடு வந்தவரிடம், "பந்தயம் அத்தான். இப்ப ஒண்ணு விடுங்க. பள்ளம் விழுந்தா சனிக்கிழமை அடக்கம். விழலேன்னா நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

"நீயா? வாய் திறக்காமயா?" சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

பலகை உள்ளே போயிற்று. மறுபக்கம் நீண்டு வந்தது. தட்டின் ஓரம் தாண்டித் தொங்கவேண்டிய இடத்தில், தொங்கவில்லை. யாரோ ஏந்தினாற்போல மட்டமாக, நிதானமாக வந்து முடிந்தது.

அவர் உள்ளங்கையால் தடவினார். பள்ளம் இல்லை.

பொய்யை வைத்துக்கொண்டு அங்கே நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. பையிலிருந்து அட்டைகளை எடுத்து நீட்டினேன். "அக்கா வச்சிருந்த முட்டு. இதனாலதான்னு நினைச்சு உருவிட்டேன் அத்தான். இப்ப அடியில ஒண்ணுமே இல்ல."

அவர் மடிப்புகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். "கை முடியாம இருந்திருக்கா. எங்கிட்ட சொல்லவே இல்லியே..." அட்டைகளை மிஷின்மேல் வைத்தார். "செத்தும் அவள நிக்க வச்சிருக்கேனே, பாவி."

அதே பலகையைத் திரும்ப மிஷினில் கொடுத்தார். ஆளில்லாத எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, "போதும் ஹில்மா. கை வலிக்கும். விட்டுடு" என்றார்.

கடைசி நாலு விரல் வரும்போது மிஷின் சத்தம் மாறியது. முனை டொக்கென்று எழும்பி அடங்கியது. அவர் விரல் பள்ளத்தில் இறங்கி நின்றது.

"சனிக்கிழமையே வச்சுக்கலாம் ஐனோ. பாதிரியார்கிட்ட நீயே சொல்லிடு."

மிஷினை நிறுத்தும் பொத்தான் அந்தப் பக்கம் இருந்தது. அக்கா நிற்கும் இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போய் அணைத்தேன்.