குமுதா அனுப்பிய எட்டு தோத்தோக்கள்

குமுதாவுக்கு அவள் ஓரகத்தி மாதவியைக் கண்டாலே வயிறு எரியும். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். குமுதாவின் கணவர், அண்ணன் ரெங்கசாமி, கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். அடுக்குமாடியில் நாலாவது மாடி வீடு. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. தம்பி ராஜனோ புக்கிட் திங்கியில் இரட்டை மாடி வீடு வாங்கிவிட்டார். மாதவி வாசலில் இரண்டு கார். மாதவி மகள் விஷ்ணுப்ரியா பட்டதாரி. மாதவி நட்ட மல்லிகைகூடப் பூத்துத் தள்ளுகிறது. குமுதா நட்டது மூன்றாம் மாதமே பட்டுப்போனது. இதையெல்லாம் ஒருத்தி எத்தனை வருஷம்தான் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாள்?

ஒன்றே ஒன்றில் குமுதாதான் ஒசத்தி. சுத்தம். "குமுதா வீட்டுத் தரையில முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம்" என்று நாத்தனார் மாரியாயி எல்லா விசேஷத்திலும் சொல்வாள். அதைச் சொல்லும்போது மாதவி பக்கத்தில் இருக்கவேண்டும். அப்போதுதான் குமுதாவுக்கு அது இனிக்கும்.

அவள் தொழிலும் சுத்தம்தான். பிரிக்பீல்ட்ஸ் சந்து ஒன்றில் ஹாசிம் பாய் நடத்தும் சின்ன விடுதியில் பதினோரு வருஷமாக அறை துடைக்கிறாள். முன்பெல்லாம் அங்கே மூட்டைப்பூச்சி என்ற பேச்சே கிடையாது. கொரோனா அடங்கி ஊர் ஊராக ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் அதுவும் கூடவே கிளம்பிவிட்டது. ஹாசிம் பாய் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் குமுதாவைத்தான் கூப்பிடுவார். "அக்கா, ஏழாம் நம்பர் ரூம்ல ஒரு ஆளு கைய சொறியுறாரு. கொஞ்சம் பாருங்க லா" என்பார்.

குமுதா டார்ச்சும் டோல் கட்டுகிற பழைய டச் அண்ட் கோ பிளாஸ்டிக் அட்டையும் எடுத்துக்கொண்டு போவாள். மெத்தைத் தையலை விரித்து அட்டையால் வழிப்பாள். கட்டில் தலைப்பலகைக்குப் பின்னால், திருகாணிக் குழியில், பிளக் மூடிக்குள் எல்லாம் பார்ப்பாள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் ஈர டிஷ்யூவால் ஒற்றுவாள். துருநிறமாக இழுபட்டால் சந்தேகமே இல்லை. கண்டபடி ஸ்ப்ரே அடித்தால் பூச்சி சாகாது, பக்கத்து அறைக்குக் குடிபோகும் என்று பாய்க்கே அவள்தான் பாடம் எடுத்தாள். துணியை டிரையரில் நல்ல சூட்டில் போடு, இடுக்கை வேக்கூம் பண்ணு, இரண்டு வாரம் கழித்து முட்டை பொரிக்கும், மறுபடி பார். இதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம் குறித்தார்கள். குமுதாவின் மகன் குகன் ஜொகூரில் இருக்கிறான். முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவான். மாதவி கொண்டுவந்த பத்திரிகையைக் குமுதா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதவி படியிறங்கிப் போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்தச் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் வெளியூர்க்காரர்கள் படுக்க ஆளாளுக்குத் தங்கள் வீட்டு தோத்தோக்களை அனுப்புவார்கள். மடித்து வைக்கிற மெல்லிய மெத்தைதான் தோத்தோ. முதலில் போகவேண்டியது மூத்த மருமகள் வீட்டுடையது. கேரி தீவிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் முப்பது பேர் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ராஜன் வேனோடு வருவதாகப் பேச்சு.

அன்று காலை எட்டு மணிக்குத் தோத்தோ அடுக்கைப் பிரித்த குமுதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது தோத்தோவின் தையலில் மிளகுத் தூள் தூவினாற்போல் புள்ளிகள். ஓரத்தில் பூச்சி உரித்துப்போட்ட தோல். அட்டையால் வழித்ததும் உளுந்தளவில் ஒன்று தட்டையாக நகர்ந்தது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் பையை அவள் அந்த அடுக்கின்மேல்தான் வைப்பாள். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் தன் பையை ஒருநாளும் உதறிப் பார்க்கவில்லை.

ஒரு போன் போட்டிருக்கலாம். 'தோத்தோ வேணாம் மாதவி, பூச்சி இருக்கு.' அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால், இருந்த ஒரே பெருமையையும் எடுத்து மாதவி மடியில் வைத்தமாதிரி ஆகாதா? வேறொரு நினைப்பும் உள்ளே இருந்தது. கடிக்கட்டுமே. எல்லாமே நல்லதாக நடக்கிற வீட்டில் ஒரு தடவை அரிக்கட்டுமே. அந்த நினைப்புக்கு அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே எட்டையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"அண்ணி வீட்டுதுன்னா நம்பிப் படுக்கலாம்" என்று ராஜன் சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லோரும் மாப்பிள்ளையையும் பொண்ணையும் பார்த்தார்கள். குமுதா வந்தவர்களின் கைகளையும் கழுத்துகளையும் பார்த்தாள். ஒருவர்கூடச் சொறியவில்லை. மாரியாயி ரவிக்கைக்கு மேலே ஒரு தடிப்பாவது இருக்குமா என்று பார்த்தாள், பவுடர்தான் இருந்தது. அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. ஏமாற்றம்தான் கொஞ்சம் கூடுதல்.

செவ்வாய்க்கிழமை மாதவியே தோத்தோக்களைக் கொண்டுவந்தாள். லிஃப்ட் ஓடவில்லை. ரெங்கசாமியும் ராஜனும் சுமந்து ஏற்றி வைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். எட்டும் பளிச்சென்று, தனித்தனி பிளாஸ்டிக்கில் கட்டியிருந்தன.

கதவைச் சாத்திவிட்டு மாதவி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழம பிரிக்கிறப்ப ஒண்ணுல பூச்சி இருந்துச்சு. எல்லாத்தையும் டோபி கடைக்குத் தூக்கிட்டுப் போயி டிரையர்ல போட்டுட்டேன். ஒங்க வீட்டு மாமாவுக்கு, எங்க வீட்டுக்காரருக்கு, யாருக்கும் தெரியாது. வேலை எடத்துலேருந்து ஒங்களுக்கே தெரியாம வந்திருக்கும். வீட்டையும் ஒரு தடவ பாத்துருங்க."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மருதாணி வைக்கவேண்டிய கையோடு, டோபி கடையில் எட்டு தோத்தோவைப் போட்டு எடுத்திருக்கிறாள். ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. குமுதாவால் அதைத் தாங்க முடியவில்லை. வீடு, கார், மகள், மல்லிகை எல்லாம் போதாதென்று இவளுக்கு நல்ல மனசும் வேண்டுமா?

"தெரியும்" என்றாள்.

"என்னக்கா?"

"பூச்சி இருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக் குடுத்தேன்."

மாதவி கோபப்பட்டிருந்தால் குமுதாவும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். மாதவி கோபப்படவில்லை.

"எம்மவள ஒங்க மடியில போட்டுத்தானேக்கா காது குத்துனோம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

குமுதா ஒரு வாரம் லீவு போட்டாள். ஒவ்வொரு துணியாக டோபி கடையில் சூடு காட்டினாள். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, பூச்சி ஏறாதபடி அதன் கால்களைக் கிண்ணங்களில் நிறுத்தினாள். பதினைந்தாம் நாள் மறுபடி டார்ச் அடித்தாள். அந்த மாதத்தோடு வீட்டில் ஒரு பூச்சி இல்லை.

பொங்கலுக்கு மாதவி வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மாரியாயி முறுக்கைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "என்ன சொல்லு, சுத்தத்துல நம்ம குமுதாவ மிஞ்ச ஆள் கெடையாது. அவ வீட்டுத் தரையில முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம். என்ன மாதவி?"

குமுதா மாதவியைப் பார்த்தாள். மாதவி கரும்பை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா. குமுதாக்கா வீடு எப்பவும் சுத்தம்தான்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

எல்லோரும் குமுதாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இனிமேல் அந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் அது மாதவி போட்ட பிச்சை என்பது அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.