பங்குச்சாமியாரின் மேலொப்பம்

பாளையங்கோட்டையிலிருந்து சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு நான் செய்திக் கடிதம் எழுதிவந்த காலம். எழுதத் தெரிந்தவன் என்பதால் மனு எழுதித் தரச் சொல்லியும் ஆட்கள் வருவார்கள். அப்படி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். என்னைப் போலவே கத்தோலிக்கர். அவருடைய பதினொரு வயது மகன் பூசைக்கு உதவுகிறவன். கோயிலை ஒட்டி, பங்குச்சாமியார் குடியிருந்த அறைவீட்டிலேயே தங்கிப் படித்தான். இப்போது வீட்டுக்கு ஓடிவந்துவிட்டான். சாமியார் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறான்.

கொத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் மொதல்ல நம்பலைய்யா. சாமியாரைப் பத்தியாலே இப்படிச் சொல்லுதேன்னு ரெண்டு அடிகூட அடிச்சேன்."

சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாருக்கு மனு எழுதினேன். அவருக்குப் போகும் எந்த மனுவிலும் பங்குச்சாமியாரின் மேலொப்பம் இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கல்லறைக்கு நிலம் கேட்டாலும் கோயிலுக்கு ஓடு கேட்டாலும் அதுதான் முறை. பழகிய கை, மனுவின் அடியில் அந்தக் கையெழுத்துக்கு இடம் விட்டது. கொத்தனாரும் யோசிக்கவில்லை. யார்மேல் மனுவோ அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். சாமியார் நின்றபடியே வாசித்து, சிலுவை போட்டு ஆசீர்வதித்து, தானே அனுப்பிவைப்பதாகச் சொன்னாராம்.

இரண்டு நாளில், கோயில் காரியங்களில் சாமியாருக்கு உதவும் உபதேசியார் கொத்தனார் வீட்டுக்கு வந்தார். பையன் பொய் சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அறைவீட்டுக்குப் போய் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டு, பழையபடி அங்கேயே தங்கவேண்டும். "இல்லைன்னா ஒம்ம மவ கல்யாண ஓலையைக் கோயில்ல வாசிக்க மாட்டோம்." இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்து அறிவிக்காமல் எங்களில் கல்யாணம் இல்லை.

சாமியார் முன்பு இருந்த ஊருக்குப் போய், அங்கிருந்த உபதேசியாரை விசாரித்தேன்.

"இங்கேருந்து ஏன் மாத்தினாங்க?"

"தண்ணி ஒத்துக்கலைன்னாங்க."

"அங்கனயும் இதே ஆத்துத் தண்ணிதானே?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "பத்திரிகைக்காரப் புத்தி ஒம்மை விடாது வே."

"அதுக்கு முந்தின ஊர்ல?"

"அங்கனயும் தண்ணிதான்."

என் அடுத்த வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக் குமாஸ்தா, புரொட்டஸ்டண்டு. "ஒங்க சாமிமாருக்குக் கல்யாணம் கட்டி வச்சிட்டா எல்லாம் சரியாப் போவும் வே" என்றார். எனக்கு அது போதவில்லை. கல்யாணம் கட்டாத சாமியார்கள் பலரை அறிவேன்; குழந்தைகள் பயமின்றி அவர்களைச் சுற்றி நின்றன. மனைவியும் நாலு பிள்ளைகளும் உள்ள வாத்தியார் ஒருவர் இதே காரியத்துக்காக ராவோடு ராவாக ஊரைவிட்டுப் போனதையும் அறிவேன். இந்தச் சாமியாரின் உள்ளே என்ன இருந்ததென்று நான் சொல்ல முடியாது. வெளியே இருந்ததைச் சொல்லலாம். பிள்ளையைப் பெருமையோடு அனுப்பிவைத்தார்கள். அவன் வாய் திறந்தபோது அடித்தார்கள். மேலிடம் தண்ணீரைக் குறை சொல்லி அடுத்த ஊரைக் காட்டியது. புகார் அவர் கைவழியாகவே போகவேண்டியிருந்தது; அதற்கு இடம் விட்டவன் நான்.

சனிக்கிழமை கொத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் பையனை அனுப்பிவிடும் எண்ணத்தில் இருந்தார்.

"பொம்பளப் பிள்ளை காரியம்யா. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்ல?"

அடுப்படியிலிருந்து மகள் வந்தாள். "உள்ளதைச் சொல்லுங்க. தம்பியை அங்கன அனுப்பி எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்."

கொத்தனார் திரும்பிப் பார்த்தார். அறையின் மூலையில் பையன் இருந்தான். "அப்ப நான் போவாண்டாமா?" என்று கேட்டான்.

"போவாண்டாம்லே" என்றார் கொத்தனார்.

அங்கேயே இரண்டாவது மனுவை எழுதினேன், மேலொப்பத்துக்கு இடமில்லாமல். கொத்தனாரும் நானும் மேற்றிராணியார் இல்லத்துக்கு நேரே போய்க் கொடுத்தோம். எழுத்தர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, முறை தவறியது என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். என் பத்திரிகைக்கும் எழுதினேன்; சாட்சி இல்லை என்று ஆசிரியர் போடவில்லை.

சில மாதம் கழித்துச் சாமியாரை மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் மாலை போட்டு வண்டி ஏற்றினார்கள். எந்த ஊருக்கு என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்ட மூவரும் மூன்று ஊர் சொன்னார்கள். அதைக் கொத்தனாரிடம் சொன்னேன். சாரத்தில் நின்று கலவை பூசிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார்.

"எங்க போனாலும் அங்கனயும் பிள்ளைக இருக்கும்லா, ஐயா."