எனக்குத் தெரியாத குறி

சிகரெட் பெட்டி அட்டையொன்றின் உட்புறத்தில் நீல மையால் கிறுக்கிய நான்கு குறிகள். ஓர் அம்பு, ஓர் இரட்டைக்கோடு, ஓர் அலை, ஒரு சின்னப் பெருக்கல். அந்த அட்டையை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

இலங்கை யுத்தத்தின் கடைசி வருடங்கள். மாத்தளை நகரில் நாங்கள் ஐந்து பேர் கடைகளுக்குக் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்தவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வருவார். திரையில் ஒரு பொத்தானை வைக்க, அகலம், நிறம், எழுத்து, இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். நாங்கள் பயன்படுத்திய மொழியில் நாமே புதுக் குறிகளை உண்டாக்கி அவற்றுக்கு வேலை சொல்லித் தரலாம். அண்ணனுக்கு அதில் பைத்தியம். ஆறு வரியை அம்பும் கோடுமாக ஒரே வரியில் கோத்துவிடுவார். விளக்கம் எழுதி வையுங்கள் என்று நச்சரித்தால், "எதுக்கு தங்கச்சி? கேளு, சொல்றேன்" என்பார். நானும் சோம்பேறி, விட்டுவிட்டேன்.

அன்று வேலையாகப் பக்கத்து ஊரான நாலந்தாவுக்குப் போன அண்ணனின் பஸ்ஸை இராணுவத்தினர் நிறுத்திச் சோதித்தார்கள். சட்டைப்பையில் அந்த அட்டை, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சங்கேத எழுத்து என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்?

விளக்கம் சொல்ல என்னை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். அம்பு மதிப்பைக் கொடுக்கும், கோடு ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கும், அலை இன்னொன்றின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதிகாரி தலையாட்டிப் பேனாவை மூடினார். பிறகு நாலாவதில் விரலை வைத்து, இது என்ன என்றார்.

தெரியாது என்றேன். அதை நான் பார்த்ததே இல்லை. காலையில் பஸ்ஸில்தான் கிறுக்கியிருப்பார். எதையாவது சொல்லியிருக்கலாம். பொத்தானின் நிறம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு என்ன தெரியப்போகிறது? ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற என் வாயில் உண்மை வந்து தொலைத்தது. அவர் பேனாவைத் திறந்தார். அண்ணனைக் கொழும்புக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். அதன்பிறகு கைதிகளின் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார்.

"அந்த அட்டைய ஒங்ககிட்ட காட்டினாங்களாமே. என்னா சொன்னீங்க தங்கச்சி?"

"எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னேங்க அக்கா."

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்க நல்லா இருக்கணும் என்றார்.