பயோடேட்டாவில் பதினான்கு பிழைகள்

தேங்காப்பட்டணம் உபைத், மஸ்கட்டில் இருபது ஆண்டு டைப்பிஸ்டாக இருந்து திரும்பியவர். பிறருடைய ஆங்கிலத்தில் பிழை கண்டால் அவருக்கு உடம்பு அரிக்கும். மருந்து சிவப்பு மை ஒன்றுதான். மகள் ஷஹ்லாவுக்குக் குளச்சலிலிருந்து மாப்பிள்ளையின் பயோடேட்டா வந்தது. அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. உபைத்தோ பதினான்கு பிழைகளைத் திருத்தி, தரகரிடமே திருப்பி அனுப்பினார்.

“மொவளுக்கு மாப்பிள பாக்கியளா, பரீட்சப் பேப்பரு திருத்துதியளா?” என்று மனைவி ரசூல் பீவி தலையில் அடித்துக்கொண்டாள். ஷஹ்லா வாப்பாவோடு பேசவே இல்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் உம்மாவே அந்தத் தாளோடு வந்து இறங்கினார். உபைத் எழுந்து நின்றார்.

“பதினெட்டு வீட்டுக்குக் குடுத்தோம் காக்கா. எல்லாரும் போட்டோவப் பாத்தாவ, மடக்கி வச்சாவ. கடைசி வரி வரைக்கும் வாசிச்சது நீங்க ஒராளுதான். இப்பிடி அக்கறையுள்ள வீடுதான் எம்மொவனுக்கு வேணும்.”

சம்பந்தம் உறுதியான வாய்க்கு இனிப்புப் போட, ரசூல் பீவி சீனிக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள்.