பாத்தியில் கிடந்த அரளி

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இரண்டு ஆமைகள் வளர்கின்றன. கடைக்கீரையில் மருந்து அடித்திருப்பார்கள் என்று என் மனைவி கொல்லையில் பாத்தி கட்டி, வெந்தயமும் கொள்ளும் விதைத்து அவற்றுக்குக் கொடுக்கிறாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்திலிருந்து எடுத்த பழைய பூக்களைக் கால்படக் கூடாதே என்று அந்தப் பாத்தியில் போட்டேன். ஆமைகளை மேய விட வந்தவள், பெரியதைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள். அதன் வாயருகே அரளிப்பூ.

“அரளி விஷம்னு தெரியாதா உங்களுக்கு?”

“பூவைப் பொறுக்கிடறேனே.”

“ஒரு இதழ் தங்கினாலும் போச்சு. வலிச்சா அதுகளுக்குச் சொல்லத் தெரியுமா?”

செழித்திருந்த பயிர் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அன்றே வேறு இடத்தில் விதைத்தாள். முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. அசந்துபோனேன்.

இப்போது சாமிக்கு எங்கள் செடியின் செம்பருத்தி மட்டும்தான் சாத்துகிறேன். மறுநாள் அது ஆமைகளுக்குப் பிரசாதம்.